அண்ணனுக்கு எழுதிய ஒன்பது பக்கங்கள்

கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட மூன்றாம் மாதத்தில் என் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது பக்கம். எங்கள் வீட்டில் இந்த விசுவாசத்துக்குள் வந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பின்னால் இன்றுவரை வேறு யாரும் வரவில்லை. அந்த மூன்று மாதங்களில் கேட்ட பிரசங்கங்கள், வாசித்த கைப்பிரதிகள், சபையின் மூத்த சகோதரிகள் சொல்லிக்கொடுத்த வசனங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, ஆதாமின் வீழ்ச்சியில் தொடங்கி இரண்டாம் வருகையில் முடியும்படி அதை எழுதியிருந்தேன். நடுவில் எங்கோ ஓரிடத்தில், அவர் மனந்திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறக்காமல் சேர்த்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "இதை நீ எனக்காக எழுதியதாகத் தெரியவில்லை."

அன்றைக்கு அந்த வரி என்னைப் புண்படுத்தியது. விசுவாசத்துக்காக அவமானப்படுகிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை என்று ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கடிதத்தில் அண்ணனைப் பற்றி ஒன்றுமே இல்லை. அவர் எதை நம்புகிறார், எதைக் கண்டு அஞ்சுகிறார், கடவுள் என்ற சொல்லைக் கேட்டால் அவர் மனத்தில் என்ன எழுகிறது என்று ஒரு கேள்விகூட அதில் நான் கேட்கவில்லை. இன்னும் விசித்திரம், என்னைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை. பெயரை மாற்றிவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். யார் வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம்.

மொழியும் ஒரு தடை. சபைக்குள் நாம் பேசும் தமிழ் வேறொரு வகைத் தமிழ். 'இரட்சிக்கப்பட்டேன்', 'மறுபடியும் பிறந்தேன்', 'இரத்தத்தால் கழுவப்பட்டேன்', 'ஆண்டவர் என்னோடு பேசினார்' என்று நாம் இயல்பாகச் சொல்லும் வாக்கியங்களை, இவற்றை ஒருமுறையும் கேட்டிராத ஒருவரின் காதால் கேட்டுப் பாருங்கள். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அண்ணன் என்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நினைத்ததாகப் பின்னொரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். பாதி வேடிக்கை, பாதி நிஜம். பிறரை விசுவாசத்துக்குள் கொண்டுவருவதைக் குறிக்கும் 'ஆத்தும ஆதாயம்' என்ற தொடர் எனக்கு இன்றும் உறுத்துகிறது. நீதிமொழிகள் 11:30இலிருந்து வந்த தொடர்தான், ஆகவே அதன்மேல் எனக்கு வழக்கு இல்லை. ஆனாலும், தன்னுடைய தங்கையின் கணக்கில் தான் ஓர் 'ஆதாயம்' என்று தெரிந்தால் எந்த அண்ணன்தான் முகம் சுளிக்காமல் இருப்பார்?

அதற்குப் பிறகு நான் சுவிசேஷங்களை வேறொரு கேள்வியோடு வாசிக்கத் தொடங்கினேன்: வேதத்தில், தனக்கு நெருங்கியவர்களிடம் இயேசுவைப் பற்றிச் சொன்னவர்கள் எவ்வளவு நீளமாகச் சொன்னார்கள்? விடை எனக்கு வெட்கமாக இருந்தது. யோவான் முதலாம் அதிகாரத்தில் அந்திரேயா தன் சகோதரனாகிய சீமோனிடம் மேசியாவைக் கண்டோம் என்று ஒரு வாக்கியம் சொல்கிறான். பிறகு அவனை இயேசுவினிடத்தில் கூட்டிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். அதே அதிகாரத்தில், நாசரேத்திலிருந்து ஏதாவது நன்மை வரக்கூடுமா என்று நாத்தான்வேல் ஏளனமாகக் கேட்டபோது, பிலிப்பு நாசரேத்தின் பெருமைகளை விளக்க உட்காரவில்லை. 'வந்து பார்' என்கிறான். நான்காம் அதிகாரத்துச் சமாரியப் பெண் இன்னும் ஒரு படி மேலே போகிறாள். அவள் ஊராரிடம் அறிவிப்பாகச் சொல்லவில்லை, கேள்வியாகக் கேட்கிறாள்: தான் செய்தவற்றையெல்லாம் ஒருவர் தனக்குச் சொன்னார், 'அவர் கிறிஸ்துதானோ?' முடிவு எடுக்கும் வேலையைக் கேட்பவர்களுக்கே விட்டுவிடுகிறாள். அவர்கள் பிற்பாடு, உன் சொல்லினிமித்தம் அல்ல, நாங்களே கேட்டு அறிந்திருக்கிறோம் என்று அவளிடம் சொல்வதையும் யோவான் பதிவு செய்திருக்கிறார். அதைக் கேட்டு அவள் புண்பட்டதாகத் தெரியவில்லை.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில், அசுத்த ஆவிகளிலிருந்து விடுதலையான மனிதன் இயேசுவோடு படகில் போக அனுமதி கேட்கிறான். அவர் மறுத்து, அவனை அவன் வீட்டாரிடம் திருப்பி அனுப்புகிறார். கர்த்தர் அவனுக்கு இரங்கி அவனுக்குச் செய்ததை அவர்களுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறார். 'உனக்குச் செய்ததை' என்பதுதான் இங்கே எல்லை. அவனுக்கு இறையியல் தெரியாது, தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. எனக்கு நடந்தது என்ன என்று சொல்வதற்கு என்னைவிடத் தகுதியானவர் ஒருவரும் இல்லை, அதற்கு அப்பால் நான் சொல்லும் ஒவ்வொன்றும் யாரிடமிருந்தோ வாங்கியது. ஒன்பது பக்கமும் அப்படி வாங்கியதுதான்.

ஆனால் வீடு என்பது கடினமான இடம் என்பதை அதே மாற்கு மறைக்கவில்லை. 3ஆம் அதிகாரத்தில் இயேசுவின் இனத்தாரே அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டுபோக வருகிறார்கள். அவருடைய சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரே வீட்டில் முப்பது ஆண்டு உடன் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவரிடத்தில் குறை கண்டுபிடிக்க முடியாத நிலையிலும் அவர்கள் நம்பவில்லை என்றால், குறைகளையெல்லாம் கூடவே இருந்து பார்த்த என் அண்ணன் நம்பாததில் வியப்பு என்ன? அந்தச் சகோதரர்களில் ஒருவரான யாக்கோபு பின்னாளில் எருசலேம் சபையின் தூணாக ஆனார். உயிர்த்தெழுந்த இயேசு யாக்கோபுக்குத் தரிசனமானார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அந்தச் சந்திப்பில் என்ன பேசப்பட்டது என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை. குடும்பத்துக்குள் நடந்த பேச்சு குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

கடிதத்தில் சூடுபட்ட பிறகு நான் எதிர்ப்பக்கத்துக்குப் போய் விழுந்தேன். இனி வாயைத் திறப்பதில்லை, என் வாழ்க்கையே சாட்சியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கேட்பதற்கு அடக்கமாக இருக்கும் இந்த முடிவில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது: அது என் வாழ்க்கையைப் பற்றி மிக உயர்ந்த மதிப்பீட்டை வைத்திருக்கிறது. எப்போதும் பிரசங்கியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் சொற்களைப் பயன்படுத்துங்கள் என்ற வாசகத்தைத் துறவி அசிசியின் பிரான்சிஸ் சொன்னதாக மேற்கோள் காட்டுவார்கள், நானும் காட்டியிருக்கிறேன். அவர் எழுதியவற்றிலோ அவரைப் பற்றிய தொடக்ககால வரலாறுகளிலோ அந்த வாசகம் கிடையாது, அவரோ ஊர் ஊராகச் சென்று வாயால் பிரசங்கித்தவர். பேதுரு தன் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், மனைவிகளின் நடக்கையினால் கணவர்கள் 'போதனையின்றி' ஆதாயப்படுத்தப்படலாம் என்று சொல்வதையும் துணைக்கு அழைப்பதுண்டு. அங்கே குறிப்பிடப்படும் கணவர்கள் திருவசனத்துக்குக் கீழ்ப்படியாதவர்கள்; அதாவது, அது இன்னதென்று ஏற்கெனவே தெரிந்தவர்கள். தெரிந்தவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லாதே என்பது வேறு, ஒருபோதும் சொல்லாதே என்பது வேறு. அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தில், உங்கள் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று அவரே எழுதியும் இருக்கிறார்.

என் மௌனத்தை உடைத்தவள் என் தோழி. ஏழு ஆண்டுகள் நாங்கள் ஒரே இடத்தில் வேலை செய்தோம். ஒருவரின் வீட்டுத் துன்பம் மற்றவருக்கு முழுதும் தெரியும். நான் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவள் என்பதும், ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறவள் என்பதும் மூன்றாம் மனிதர் ஒருவர் வழியாக அவளுக்குத் தெரியவந்தது. அவள் கோபப்படவில்லை, வருத்தப்பட்டாள். "உனக்கு இவ்வளவு முக்கியமான ஒன்றை என்னிடம் சொல்லத் தோன்றவே இல்லையா? என்னை நீ அவ்வளவு குறுகியவள் என்றா நினைத்தாய்?" என்றாள். அவளுடைய மனம் புண்படக்கூடாது என்பதற்காகவே சொல்லவில்லை என்று நான் நினைத்திருந்தேன். என் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம்தான் அதன் அடியில் இருந்தது. ஒன்பது பக்கம் எழுதவைத்ததும் இந்தப் பயத்தின் உறவுக்காரப் பயம்தான்: சபையில் என்னைப் பார்த்து, வீட்டாருக்குச் சொன்னாயா என்று கேட்பார்களே என்பது.

ஆகவே சொல்லத்தான் வேண்டும் என்ற இடத்துக்கு நான் வந்தேன். ஆனால் எப்படிச் சொல்வது என்பதைவிட, யாரிடம் எந்த நிலையில் சொல்லக்கூடாது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக எழுந்தது. இதைப் பற்றி நம் பயிற்சி வகுப்புகளில் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை. முன்பின் தெரியாதவரிடம் கைப்பிரதியை நீட்டினால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். உறவினருக்கு அந்த வசதி இல்லை. உறவுகளுக்குள் எல்லாம் நன்றிக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. என் சம்பளத்தில் படித்த தம்பி முறையுள்ள ஒருவன், நான் அழைத்தால் ஆராதனைக்கு வந்து உட்காருவான். அவன் வந்தது ஆண்டவரைத் தேடியா, என் முகத்துக்காகவா என்று அவனுக்கே தெரியாது. தாயின் நோயில் நான் இரவெல்லாம் உடன் இருந்து உதவிய ஒருத்தியிடம் மறுநாள் காலையில் சுவிசேஷம் பேசினால், அவளால் என்னிடம் மறுப்புச் சொல்ல இயலுமா? திருமணம் நிச்சயமான நிலையில் 'நீங்கள் ஞானஸ்நானம் எடுத்தால்தான்' என்று சொல்வதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிதானம் தவறிவிடும், விட்டுவிடுகிறேன்.

2011ஆம் ஆண்டில் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான பேரவை, உலக சுவிசேஷ ஐக்கியம் ஆகிய மூன்றும் சேர்ந்து, பல சமயத்தாரும் வாழும் உலகில் கிறிஸ்தவர்கள் எப்படிச் சாட்சி பகர வேண்டும் என்பதைப் பற்றிச் சிறிய ஆவணம் ஒன்றை வெளியிட்டன. வேறு பல விஷயங்களில் ஒத்துப்போகாத இந்த மூன்று தரப்பும் ஐந்து ஆண்டுகள் பேசி இதில் ஒத்துப்போயின என்பதே கவனிக்கத்தக்கது. சாட்சி பகர்தல் திருச்சபையின் இயல்போடு இணைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அதே ஆவணம், வஞ்சகமும் வற்புறுத்தலும் ஆசைகாட்டலும் சுவிசேஷத்தையே காட்டிக்கொடுக்கும் செயல்கள் என்கிறது. சமயம் மாறுதல் என்பது ஒருவர் வாழ்வில் தீர்க்கமான ஒரு முடிவு, ஆகையால் யோசிப்பதற்குப் போதிய காலம் அவருக்குத் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அதை வாசித்தபோது அமைப்புகளின் பெரிய வேலைகளைவிட, எங்கள் வீட்டுக் கூடம்தான் என் கண்ணுக்குள் வந்தது.

பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகராக ஆன அகஸ்தீனின் தாய் மோனிக்காவைப் பற்றி நாம் சொல்லும்போது அவளுடைய கண்ணீரையே சொல்கிறோம். அவள் ஓர் ஆயரிடம் போய், தன் மகனோடு பேசி அவனுடைய தவறுகளை எடுத்துக்காட்டும்படி மன்றாடியதையும், அந்த ஆயர் மறுத்துவிட்டதையும் அகஸ்தீன் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தான் கற்ற புதிய கொள்கையின் மிதப்பில் இருக்கும் இளைஞன் இப்போது எதையும் கேட்கமாட்டான், அவனை அப்படியே விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய், வாசித்து வாசித்துத் தானாகவே தெரிந்துகொள்வான் என்றார் அவர். அந்த ஆயரும் சிறுவயதில், அகஸ்தீன் அப்போது சேர்ந்திருந்த அதே மானிக்கேயக் கூட்டத்தில் (ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போராட்டமே உலகம் என்று போதித்த சமயம்) வளர்க்கப்பட்டு, யாரும் வாதாடாமலே அதை விட்டு வெளியே வந்தவர். அவள் விடாமல் நச்சரித்ததால் சலித்துப்போய், இவ்வளவு கண்ணீரின் மகன் கெட்டுப்போகமாட்டான், நீ போ என்று சொன்ன வாக்கியம்தான் இன்று பிரசங்கங்களில் வாழ்கிறது. அதற்கு முன்னால் இருந்த மறுப்பு மறைந்துவிட்டது. அகஸ்தீன் 387ஆம் ஆண்டு மிலான் நகரில் அந்நகரின் ஆயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அந்த ஆண்டிலேயே மோனிக்கா இறந்துபோனாள்.

சொல்லவேண்டிய நேரம் வரும்போது எதைச் சொல்வது என்பதற்கு எனக்கு உதவியது அப்போஸ்தலர் நடபடிகள். பவுல் மனந்திரும்பிய கதை அதில் 9, 22, 26 ஆகிய அதிகாரங்களில் மூன்று முறை வருகிறது. 22இல் யூதக் கூட்டத்தின் முன்னால் எபிரெயு மொழியில் பேசும்போது, தான் யூத போதகர் கமாலியேலின் பாதத்தருகே படித்ததையும், தனக்குப் பார்வை திரும்பக் காரணமான அனனியா நியாயப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன், யூதர் எல்லாராலும் நல்லவன் என்று சாட்சி பெற்றவன் என்பதையும் அழுத்திச் சொல்கிறார். 26இல் அகிரிப்பா ராஜாவிடம் பேசும்போது அனனியாவின் பெயரே வருவதில்லை. கதை மாறவில்லை, எதிரில் இருப்பவர் மாறியிருக்கிறார். நான் என் கதையை இப்போது நான்கு நிமிடத்தில் சொல்லிமுடிப்பேன். அதில் எது மாறியது என்பதோடு, எது இன்னும் மாறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். என் முன்கோபம் எங்கேயும் போகவில்லை என்பதை அண்ணன் அறிவார், அது போய்விட்டதாக நான் சாட்சி சொன்னால் மற்றவையும் பொய்யாகிவிடும். சொல்லலாமா என்று முதலில் அனுமதி கேட்கிறேன், வேண்டாம் என்றால் பேச்சை மாற்றுகிறேன், மறுநாளும் முன்போலவே பழகுகிறேன். இந்த மூன்றாவதுதான் கடினம். வேண்டாம் என்று சொன்னவரிடம் என் குரலில் ஒரு குளிர்ச்சி ஏறினால், அவருக்கு நான் கொடுத்தது சுவிசேஷம் அல்ல, பேரம்.

இதையெல்லாம் எழுதிவிடலாம், அப்பா படுக்கையில் விழுந்தபோது எல்லாம் ஆட்டங்கண்டது. மருத்துவர் ஒரு மாதம் என்று சொல்லியிருந்தார். சபையிலிருந்து நான்கைந்து பேர் வந்து அப்பாவைப் பாவமன்னிப்பு ஜெபம் செய்யவைக்க விரும்பினார்கள். அவர்களுடைய பாரம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நித்தியத்தைப் பற்றிய என் பயமும் அவர்களுடையதற்குக் குறைந்தது அல்ல. ஆனால் கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் நின்றால் எழுந்து வெளியே போக முடியாத ஒரு மனிதரிடம், அவர் வாழ்நாள் முழுதும் ஏற்காத ஒன்றை அந்த நிலையில் சொல்லவைப்பது சரிதானா என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். காலையில் அவரிடமே கேட்டேன்.

"அவர்கள் வருவது யாருடைய விருப்பம்?" என்றார் அப்பா.

"என்னுடையதும்தான், அப்பா."

சற்று நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர்கள் வேண்டாம். உனக்கு ஏதாவது வாசிக்கவேண்டுமென்றால் நீ வாசி."

நான்கு சுவிசேஷங்களில் சிறியது என்பதால் மாற்குவை எடுத்தேன். 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று. விளக்கம் எதுவும் சொல்வதில்லை என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள், வீட்டார் அவரைப் பிடித்துக்கொண்டுபோக வந்த இடத்தில், "பிள்ளை இப்படிக் கிளம்பிவிட்டால் வேறு என்ன செய்வார்கள்?" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்பதாம் நாள், நோயாளி மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறும் இடம் வந்தது. அதை இன்னொரு முறை வாசி என்றார். வாசித்தேன். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும். பதினோராம் அதிகாரம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார். அப்பா இரட்சிக்கப்பட்டாரா என்று சபையில் கேட்டவர்களுக்கு, தெரியாது என்று சொன்னேன். அந்தப் பதில் சிலருக்குப் பிடிக்கவில்லை.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்த பின்பு ஓர் இரவு அண்ணனும் நானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் வாசிக்கும்போது அவர் பெரும்பாலும் அடுத்த அறையில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருந்தார் என்பது தெரியாது.

"எதுவரை வாசித்தாய்?"

"பதினொன்று."

"மீதியில் என்ன இருக்கிறது?"

சொன்னேன். காட்டிக்கொடுத்தது, தோட்டம், விசாரணை, சிலுவை, காலியான கல்லறை. இதுவரை எவருக்கும் இவ்வளவு எளிய தமிழில் நான் அதைச் சொன்னதில்லை. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் இரண்டில் மாற்குவின் சுவிசேஷம் 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது என்பதையும், கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடி, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதே அங்கே கடைசி வரி என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவர்கள் யாருக்கும் சொல்லவில்லை என்றால், இது உன்வரைக்கும் எப்படி வந்தது?"

விளக்கை அணைத்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது.